கோடைக்குத் தீபாவளியிலேயே விண்ணப்பிக்க வேண்டும்: புற்றுநோய் ஆய்வுக்கு வர நினைக்கும் முதல் தலைமுறைக்கு

ஏப்ரல் பிறந்ததும் எனக்கு ஒரே மாதிரியான அழைப்புகள் வரத் தொடங்கும். "சார், லீவுல கேன்சர் லேப் எதிலயாவது டிரெய்னிங் போகலாம்னு இருக்கேன். எங்க அப்ளை பண்ணணும்?" பேசுகிறவர் பெரும்பாலும் அரசுக் கலைக் கல்லூரியில் விலங்கியல் படிப்பார், இல்லையென்றால் சுயநிதிக் கல்லூரியில் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி. வீட்டில் முதல் பட்டதாரி. மதிப்பெண் நன்றாக இருக்கும், ஆர்வத்துக்கும் குறைவிருக்காது. நான் சொல்ல வேண்டியிருப்பதோ ஒன்றுதான்: அந்தக் கோடைக்கான விண்ணப்பம் போன தீபாவளியை ஒட்டியே வந்து போய்விட்டது.

இதைச் சொல்லும்போதெல்லாம் மனசு கனத்துப்போகும். பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு இந்தத் தகவல் சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே வந்து சேர்ந்திருக்கும். நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கும் நூறுநாள் வேலைக்குப் போகிற அம்மாவின் பிள்ளைக்கும் அது ஆறு மாதம் பிந்தி வருகிறது. ஆய்வுக்கூடங்களில் இவர்களை ஏன் அதிகம் காணோம் என்று கேட்டால், என் பதில் இந்த ஆறு மாதத்திலிருந்துதான் தொடங்கும். அதைக் குறைப்பதற்கான குறிப்புகளே இந்தக் கட்டுரை.

அதற்கு முன் ஒன்று. "நமக்கெல்லாம் அங்கே இடம் இருக்குமா" என்ற தயக்கம் உங்களுக்கு இருந்தால், அடையாறு புற்றுநோய் நிலையம் யாரால் வந்தது என்று நினைத்துப் பாருங்கள். முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டைக்காரர், தேவதாசி மரபில் வந்த தாயின் மகள். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்பு கிளம்பியபோது, மன்னர் அனுமதித்துத்தான் உள்ளே போனார். 1912இல் மருத்துவரானார். 1923இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்த இழப்பை முப்பது வருடம் மனதில் சுமந்து, 1954இல் 12 படுக்கைகளோடு நிலையத்தைத் தொடங்கினார். தமிழ்நாட்டில் இந்தத் துறையின் வாசலைத் திறந்தவரே, கல்லூரி வாசலில் தடுக்கப்பட்ட ஒரு பெண்தான்.

முதல் வேலை: நாட்காட்டி

இந்திய அறிவியல் கழகங்கள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்திட்டம் ஒன்று இருக்கிறது. தேர்வானால் நாட்டின் ஏதாவது ஒரு நல்ல ஆய்வுக்கூடத்தில் இரண்டு மாதம் இருக்கலாம், உதவித்தொகையும் கிடைக்கும். பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் ஆய்வு மையம், மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடங்களும் தனித்தனியே கோடைத் திட்டம் வைத்திருக்கின்றன. ஆகஸ்ட் முதல் பிப்ரவரி வரை மாதத்துக்கு இரண்டு முறை இவற்றின் இணையப் பக்கங்களைப் பார்ப்பதை ஒரு வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் தேதியைக் குறித்துவையுங்கள். விண்ணப்பத்தில் பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த ஆசிரியர் ஒருவரையாவது செப்டம்பருக்குள் சம்பாதித்துவிட வேண்டும். வகுப்பு முடிந்ததும் ஒரு கேள்வியோடு போய் நின்றால், இரண்டு மாதத்தில் அவருக்கு உங்களைத் தெரிந்துவிடும்.

பிளஸ் டூ தேர்வில் உங்கள் வாரியத்தின் முதல் 1 சதவீதத்துக்குள் வந்து, அடிப்படை அறிவியல் படிக்கச் சேர்ந்தவருக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய். அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இன்ஸ்பயர் பற்றிக் கேள்வியே படாமல் மூன்று வருடம் முடித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சான்றிதழ் விஷயத்தில் ஏமாறாதீர்கள்

இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். உங்கள் கையில் இருக்கும் பி.சி. அல்லது எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் தமிழ்நாட்டுக்கானது. நெட், கேட் தேர்வுகள், ஐ.ஐ.டி., மத்திய ஆய்வு நிறுவனங்கள் எல்லாம் கேட்பது மத்திய அரசின் படிவத்தில் இருக்கும் ஓ.பி.சி. சான்றிதழ். அதில் நீங்கள் கிரீமி லேயரில், அதாவது வசதி படைத்த பிரிவில், இல்லை என்று எழுதியிருக்க வேண்டும். எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியது என்ற நிபந்தனையும் இருக்கும். மாநிலப் பட்டியலில் இருக்கிற ஒரு சாதி மத்தியப் பட்டியலில் இல்லாமல் போவதும் உண்டு. அதைத் தேசிய பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் இணையப் பட்டியலில் முன்கூட்டியே சரிபாருங்கள். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் சான்றிதழில் உள்ள பெயரும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் இன்ஷியல் முதற்கொண்டு ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலரையும் வருவாய் ஆய்வாளரையும் தாண்டி, தாசில்தார் கையெழுத்தாகி வர நாளாகும். நேர்முகத்துக்கு அழைப்பு வந்த பிறகு ஓடினால் நடக்காது. ஏப்ரலில் புது நிதியாண்டு தொடங்கியதும் வாங்கி வைத்துவிடுங்கள். தேர்வில் தேறி, சான்றிதழ் படிவம் தவறு என்பதால் இடத்தை இழந்த பையனை எனக்குத் தெரியும். அவன் படிப்பில் எந்தக் குறையும் இல்லை.

இலைச்சாறு ப்ராஜெக்ட்

நம் ஊர் எம்.எஸ்சி. கடைசிப் பருவ ப்ராஜெக்ட்டுகளில் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். ஏதோ ஒரு மூலிகை இலையை உலர்த்தி, சாறெடுத்து, மார்பகப் புற்றுநோய்ச் செல்லான எம்.சி.எஃப்-7 மீதோ ஹீலா செல் மீதோ ஊற்றி, எம்.டி.டி. சோதனை செய்து, "இந்தச் செடிக்குப் புற்றுநோயை எதிர்க்கும் ஆற்றல் உண்டு" என்று முடிப்பது. ப்ராஜெக்ட் சென்டர் என்று பலகை மாட்டிய தனியார் கூடங்கள் காசு வாங்கிக்கொண்டு இதைச் செய்தும் கொடுக்கின்றன, ரிப்போர்ட் பைண்டிங்கோடு.

அந்தப் பணத்தை அங்கே கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். அந்த ஆறு மாதம் உங்கள் வாழ்க்கையின் மிக விலையுயர்ந்த ஆறு மாதம். கல்லூரியின் பழைய பிப்பெட்டை நீங்களே பிடித்துச் செய்த சின்ன வேலைக்கு இருக்கும் மதிப்பு, யாரோ செய்து தந்த பெரிய ரிப்போர்ட்டுக்கு இல்லை. நேர்முகத்தில் உட்கார்ந்திருப்பவர் ஐந்தாவது நிமிடத்திலேயே அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

ஏற்கனவே இலைச்சாறு ப்ராஜெக்ட் செய்து முடித்தவரா? கவலை வேண்டாம், அதையே நன்றாகப் பேசக் கற்றுக்கொள்ளுங்கள். எம்.டி.டி. சோதனை உண்மையில் எதை அளக்கிறது? செல்லின் வளர்சிதை மாற்றம் நடக்கிறதா என்பதை. நிறம் குறைந்தால் செல் செத்திருக்கலாம், பெருகாமல் நின்றிருக்கலாம், சும்மா மந்தமாகியும் இருக்கலாம். சாற்றை எதில் கரைத்தீர்கள்? டி.எம்.எஸ்.ஓ. என்றால், சாறு இல்லாமல் டி.எம்.எஸ்.ஓ. மட்டும் ஊற்றிய கிணறுகளை ஒப்பீட்டுக்கு வைத்தீர்களா? சாதாரணச் செல்லில் அதே அளவை ஊற்றிப் பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால், புற்றுநோய்ச் செல்லை மட்டும் தாக்குகிறது என்று எப்படிச் சொல்ல முடியும்? இந்தக் கேள்விகளை நீங்களே எழுப்பி, "என் ப்ராஜெக்ட்டில் இந்த ஓட்டை இருக்கிறது, மறுபடி செய்தால் இப்படிச் செய்வேன்" என்று சொல்கிற மாணவியை எந்தத் தேர்வுக் குழுவும் லேசில் விடாது. ஒரு சோதனையின் எல்லை எது என்று அறிவதுதான் ஆய்வாளரின் வேலையே.

அந்த ஹீலா செல் யாருடையது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஹென்றியெட்டா லாக்ஸ், அமெரிக்காவின் பால்டிமோரில் சிகிச்சைக்கு வந்த கறுப்பினப் பெண். 1951இல் அவர் கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கட்டியிலிருந்து, அவருக்குச் சொல்லாமலே எடுத்து வளர்த்தார்கள். அதே ஆண்டு அவர் இறந்துபோனார். செல்கள் இன்றுவரை உலகெங்கும் பெருகிக்கொண்டிருக்கின்றன. ஏழைப் பெண்ணின் உடலிலிருந்து அனுமதியில்லாமல் எடுத்தது நம் கையில் இருக்கிறது என்ற உணர்வோடு அந்தக் குடுவையைத் தொட வேண்டும் என்று நான் என் மாணவர்களிடம் எப்போதும் சொல்வேன்.

நெட் தேர்வு: எங்கே மதிப்பெண் இருக்கிறது

முனைவர் பட்டத்துக்குப் பல வழிகள் இருந்தாலும் வீட்டு நிலைமை இடுக்கமாக இருப்பவருக்கு நான் முதலில் சொல்வது சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகையை வாங்குவது. முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. பணத்தை நீங்களே கொண்டுவருவதால் ஆய்வகங்களும் உங்களை விரும்பும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் பெண்களுக்கும் வயது வரம்பில் தளர்வு உண்டு.

உயிர் அறிவியல் தாளின் அமைப்பைக் கவனியுங்கள். மொத்தம் 200 மதிப்பெண். பொது அறிவுத்திறனான முதல் பகுதிக்கு 30, நேரடிக் கேள்விகள் வரும் இரண்டாம் பகுதிக்கு 70. மூன்றாம் பகுதிக்கு 100. அதில் 75 கேள்வி கொடுத்து 25க்கு விடை எழுதச் சொல்வார்கள், ஒவ்வொன்றுக்கும் 4. அங்கே ஒரு சோதனையின் முடிவைக் கொடுத்து "இதிலிருந்து என்ன தெரிகிறது" என்று கேட்பார்கள். மனப்பாடம் அந்த இடத்தில் கைகொடுக்காது. கல்லூரியில் கைடு படித்துப் பழகியவர்கள் சறுக்குவது இங்கேதான். பழைய வினாத்தாள்களை எடுத்து, விடையை மறைத்து, ஒவ்வொரு விடைத் தெரிவும் ஏன் சரி, ஏன் தவறு என்று எழுதிப் பாருங்கள். பாடத்திட்டத்தின் நாலாம் அலகிலேயே புற்றுநோய், செல் சமிக்ஞை, நோய் எதிர்ப்பாற்றல் மூன்றும் இருக்கின்றன. பதின்மூன்றாம் அலகான ஆய்வு முறைகளைப் பலர் கடைசிக்குத் தள்ளுவார்கள். அதைத்தான் முதலில் முடிக்க வேண்டும். மற்ற அலகுகளின் கேள்விகளும் அதை நம்பித்தான் வருகின்றன.

முதல் முறையே கிடைக்காமல் போகலாம். அந்த இடைவெளியில் வீட்டில் உட்காராதீர்கள். ஆய்வு நிறுவனங்கள் ப்ராஜெக்ட் உதவியாளர் பணிக்கு நேரடி நேர்முகம் வைக்கின்றன. நவி மும்பையில் டாட்டா நினைவு மையத்தின் ஆக்ட்ரெக், திருவனந்தபுரத்தில் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம், புனேவில் தேசிய செல் அறிவியல் மையம், ஹைதராபாத்தில் சி.சி.எம்.பி., சென்னை ஐ.ஐ.டி.யில் தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி என்று பக்கங்களைப் பார்த்துக்கொண்டே இருங்கள். ஓராண்டு ப்ராஜெக்ட் வேலை, சம்பளத்தோடு நெட் தேர்வின் மூன்றாம் பகுதியையும் சொல்லிக்கொடுத்துவிடும்.

கடிதமும் கட்டுரையும்

பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் எழுதுவதில் நம் பிள்ளைகள் பயம் காரணமாகவே தவறு செய்கிறார்கள். உங்கள் மாபெரும் ஆய்வகத்தில் சேர்ந்து சேவை செய்யக் காத்திருக்கிறேன் என்ற ரீதியில், ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்புவார்கள். அது திறக்கப்படாமலே குப்பைக்குப் போகும். ஒருவருடைய ஒரு கட்டுரையைப் படியுங்கள். அதில் எந்தப் படம் உங்களை யோசிக்க வைத்தது, அதைப் பற்றி உங்கள் கேள்வி என்ன என்று இரண்டு வரி. நீங்கள் யார், எந்த மாதங்களில் வர முடியும், என்ன செய்யத் தெரியும் என்று மூன்று வரி. ஒரு பக்க ரெஸ்யூம். போதும். பத்து நாளில் பதில் இல்லையென்றால் ஒரு முறை நினைவூட்டலாம். இருபது கடிதத்துக்கு இரண்டு பதில் வந்தாலே நல்ல அறுவடை.

கட்டுரை படிக்கக் காசு வேண்டாம். பப்மெட் சென்ட்ரல் தளத்தில் லட்சக்கணக்கான கட்டுரைகள் முழுதாக இலவசம். 2025 ஜனவரி முதல் மத்திய அரசின் ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் நடைமுறையில் இருக்கிறது. அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குச் சுமார் 13,000 ஆய்விதழ்கள் அதன் வழியாகக் கிடைக்கின்றன. உங்கள் அரசுக் கல்லூரி அதில் பதிவு செய்திருக்கிறதா என்று நூலகரிடம் போய்க் கேளுங்கள். கேட்க ஆளில்லாததாலேயே பல கல்லூரிகளில் இது தூங்குகிறது. ஹாஸ்டலில் நாலு பேர் சேர்ந்து வாரம் ஒரு கட்டுரை எடுங்கள். முன்னுரையை விட்டுவிட்டு நேராகப் படங்களுக்குப் போங்கள். தமிழிலேயே விவாதியுங்கள். பிறகு, புரிந்ததை ஒருவர் ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் சொல்லட்டும். ஆங்கிலப் பயிற்சிக்கென்று தனியாக எந்த வகுப்பும் வேண்டியதில்லை. துறைக்குத் தேவையான ஆங்கிலம் சில நூறு சொற்கள்தான். அவை உங்கள் பாடத்திலேயே இருக்கின்றன.

எந்தக் கட்டுரையில் தொடங்குவது? என் ஆலோசனை: திண்டுக்கல்.

மைக்ராஸ்கோப்புக்குள் அடங்காத ஆய்வு

2007இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு அது. திண்டுக்கல் மாவட்டத்தை 114 பகுதிகளாகப் பிரித்து, பாதியில் 30 முதல் 59 வயது வரையான பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்தார்கள். முறை மிக எளிது: நீர்த்த அசெட்டிக் அமிலம், அதாவது வினிகர் போன்றதைத் தடவி, வெண்மையாக மாறும் இடத்தைக் கண்ணால் பார்ப்பது. பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற நர்சுகள். தேவையானவர்களுக்கு உடனே சிகிச்சை. பரிசோதனை நடந்த பகுதிகளில் அந்தப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு இது.

இந்த வேலையை நடத்த என்னென்ன கைகள் வேண்டியிருந்தன என்று எண்ணிப் பாருங்கள். கிராமத்துக்குப் போய் ஒரு அக்காவிடம் உட்கார்ந்து பேசி, அவர் கூச்சத்தைக் கலைத்து, பரிசோதனைக்கு அழைத்து வந்தவர்கள். புற்றுநோய்ப் பதிவேட்டில் ஒவ்வொரு நோயாளியையும் தேடிச் சேர்த்தவர்கள். எண்களைக் கணக்கிட்ட புள்ளியியலாளர்கள். புற்றுநோய் ஆய்வு என்றதும் வெள்ளைக் கோட்டும் மைக்ராஸ்கோப்பும் மட்டும் மனதில் வருவதால் இந்த வாசல்களை நாம் பார்ப்பதே இல்லை. சென்னையின் பதிவேடு, ஐ.சி.எம்.ஆர். திட்டத்தின் கீழ் அடையாறில் 1980களின் தொடக்கத்திலிருந்தே நடக்கிறது. பதிவேட்டு ஊழியர்கள் மருத்துவமனை மருத்துவமனையாகப் போய்த் தகவல் திரட்டுகிறார்கள். ஒரே ஆள் இரண்டு மருத்துவமனையில் இரண்டு எழுத்துக்கூட்டலில் பதிவாகியிருப்பார். அவர் ஒருவர்தான் என்று கண்டுபிடிக்க, நம் ஊர்ப் பெயர்களும் இன்ஷியல்களும் தெரிந்த மூளை வேண்டும்.

புள்ளியியல் படித்தவரா? 'ஆர்' என்ற இலவச மென்பொருளில் உயிர்வாழ்வுக் கணக்கீட்டைக் கற்றுக்கொள்ளுங்கள். மருத்துவமனை ஆய்வுக் குழுக்களில் அதற்கு ஆள் பஞ்சம். இயற்பியல் படித்தவருக்கு அண்ணா பல்கலைக்கழகத்தில் மருத்துவ இயற்பியல் எம்.எஸ்சி. இருக்கிறது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி, கதிர்வீச்சு சிகிச்சை தரும் மருத்துவமனைக்கு மருத்துவ இயற்பியலாளர் கட்டாயம். நர்சிங் முடித்தவர் மருந்துச் சோதனைகளில் ஒருங்கிணைப்பாளர் ஆகலாம். 2023 அக்டோபரில், மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற செல் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. நோயாளியின் ரத்த அணுக்களையே எடுத்து, மாற்றி, திருப்பிச் செலுத்தும் சிகிச்சை. இந்த மாதிரித் தயாரிப்புக் கூடங்களுக்குச் செல் கல்ச்சர் தெரிந்த கைகள் இனி நிறையத் தேவைப்படும்.

உள்ளே போன பிறகு

முதல் மாதம் நீங்கள் நிறையக் கெடுப்பீர்கள். குடுவையில் பூஞ்சை வரும், ஜெல்லில் ஒன்றும் தெரியாது. எல்லோருக்கும் அப்படித்தான். அதை மறைக்காமல் அன்றே சொல்லிவிடுங்கள். லேப் நோட்டில் அன்றைய தேதி, கரைசலின் அளவு, பாட்டிலின் லாட் எண் வரை அன்றன்றே எழுதுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதை ஆய்வகத்துக்கென்றே சொல்லிவைத்த மாதிரி இருக்கிறது.

உதவித்தொகை சில சமயம் மாதக்கணக்கில் தாமதமாகும். முதல் பணம் வரும்வரை தாக்குப்பிடிக்க, மூன்று மாதச் செலவுக்கு முன்கூட்டியே வழி பார்த்துக்கொண்டு போங்கள். கந்துவட்டிப் பக்கம் போகாதீர்கள். உங்கள் சாதியையோ ஆங்கிலத்தையோ வைத்து யாராவது இழிவாகப் பேசினால், அதைத் தாங்கிக்கொள்வது ஆய்வுப் படிப்பின் பகுதி இல்லை. நிறுவனத்தில் எஸ்.சி., எஸ்.டி. பிரிவு யாரிடம் இருக்கிறது, பாலியல் தொந்தரவுக்கான உள் புகார்க் குழுவில் யார் யார் என்று சேர்ந்த முதல் வாரமே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அந்தக் குழு இருந்தே ஆக வேண்டும். 2013 சட்டம் அது.

அப்புறம் வீடு. "இன்னும் எத்தனை வருஷம்தான் படிப்ப?" என்ற கேள்வி, அதுவும் பெண்களிடம், நிச்சயம் வரும். "பி.எச்டி. படிக்கிறேன்" என்று சொல்லாதீர்கள். "மத்திய அரசு மாசம் முப்பத்தேழாயிரம் கொடுத்து வேலைக்கு வச்சிருக்குப்பா, வேலை முடிஞ்சா பட்டமும் வரும்" என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. முடிந்தால் ஒரு நாள் அப்பா அம்மாவை ஆய்வகத்துக்கே கூட்டிக்கொண்டு வந்து காட்டுங்கள்.

என்ன செய்கிறாய் என்று அம்மா கேட்டால், தமிழில் சொல்லத் தெரிய வேண்டும். நோயாளியிடம் திசு எடுக்கும் முன் வாங்கும் ஒப்புதல் படிவங்களின் தமிழ், பல இடங்களில் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறவருக்கு, எதற்குப் போடுகிறோம் என்று புரிவதில்லை. இந்த வாரமே அப்படி ஒரு படிவத்தைத் தேடி எடுங்கள். ஒரு பத்தியை உங்கள் அப்பத்தாவுக்குப் புரிகிற மாதிரி எழுதி, அவரிடமே வாசித்துக் காட்டுங்கள். அவர் எந்த இடத்தில் "என்னது?" என்று நிறுத்துகிறாரோ, அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள். முதல் நேர்முகத்துக்குப் போகும்போது அந்தத் தாளையும் சான்றிதழ்களோடு கோப்பில் வைத்துக்கொண்டு போங்கள்.